பத்தாம் நம்பர் ஸ்பேனர்

"மாமா, காலை இழுத்தப்ப ரொம்ப வலிச்சுதா?"

முனியறைப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு அக்கா மகன் கேட்டான். மறையூருக்கு வந்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். ஹைஸ்கூல் பக்கமாக ஏறினால் பெரிய பாறைவெளி. கற்பலகைகளைச் சுற்றி நிறுத்தி, மேலே ஒரு பலகையால் மூடிய பழைய கல்லறைகள் அங்கங்கே நிற்கும். பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் என்று தொல்லியல்காரர்கள் சொல்கிறார்கள். முனிவர்கள் தவம் செய்த அறை என்பது ஊர்ப்பேச்சு. எங்கள் அம்மாயி சொன்னது வேறு கதை. ஒரு காலத்தில் முழங்கால் உயர மனுஷர்கள் இருந்தார்களாம், அவர்கள் குடியிருந்த வீடுதான் இது. "உசரமான ஆளுக நாமதாண்டா இருக்க வீடு தெரியாம அலையுறோம்" என்பாள்.

அந்தக் கதையை அவனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றியது.

பையனுக்கு இருபத்து மூன்று வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலை பஸ்ஸில் வந்து இறங்கி, "மாமா, தனியாப் பேசணும்" என்று கூட்டிக்கொண்டு வந்தவன், எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான்.

கேட்பதற்குச் சரியான ஆளைத்தான் பிடித்திருந்தான். எங்கள் சொந்தத்தில் காலை வெட்டி நீட்டிக்கொண்ட ஒரே ஆள் நான்தான். ஆனால் அவன் நினைத்திருப்பதும் நான் செய்துகொண்டதும் ஒன்றா? அன்று சாயங்காலம் முழுக்க இதைத்தான் பேசினோம். அவனுக்குச் சொன்னது வேறு யாருக்காவது பயன்படலாம் என்றுதான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. கம்பி குத்திக்கொண்டு ஆறு மாதம் படுத்து எழுந்தவன், அவ்வளவே.

முதலில் என் கதை. எட்டு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. அன்றைக்கு எங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் சின்னாறு காட்டைத் தாண்டிப் போகவேண்டும். அதனால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் உடைந்தது வளர்ச்சித் தட்டை ஒட்டிய இடம். குழந்தைகளின் எலும்பு நுனியில் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். எலும்பு நீளமாக வளர்வது அங்கிருந்துதான். அது கெட்டுப்போனால் அந்தப் பக்கம் வளர்ச்சி நின்றுவிடும், மறுகால் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். பதினெட்டு வயதில் என் இடது கால் வலதைவிட நான்கு சென்டிமீட்டர் குட்டை.

யாராவது இடையில் கவனித்திருந்தால் வேறு வழிகள் இருந்திருக்கும். வளர்கிற வயதில், நீளமான காலின் வளர்ச்சித் தட்டைச் சரியான நேரத்தில் நிறுத்தி இரண்டையும் சமமாக்குவார்கள். சின்ன ஆபரேஷன். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. உடுமலையில் ஒரு செருப்புக்காரரிடம் இடது செருப்புக்கு மட்டும் அடியில் அட்டை அட்டையாக ஒட்டிப் போட்டுக்கொண்டேன். கரும்பு வயலில் சேறு பட்டால் அது பிய்ந்துவிடும். கரும்புக்கட்டைத் தூக்கினால் இடுப்பு ஒரு பக்கம் இறங்கும், ராத்திரி முதுகு தெறிக்கும்.

2002-இல் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்பு அந்த டாக்டர் என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் கால் அடியில் மரக்கட்டைகளை வைத்து நிற்கச் சொல்லி இடுப்பு மட்டத்தைப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார், "யோசிச்சிட்டு வா" என்பார். அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அவர் செய்ததிலேயே பெரிய வைத்தியம் அதுதான்.

இரண்டு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் பலருக்கும் இருக்கிறது, தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். செருப்புக்குள் ஒரு அட்டை போதும். அதற்கு மேலே போகப்போகத்தான் ஆபரேஷன் பற்றிய பேச்சு. நான்கு என்பது செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம் என்கிற இடம். அதனால்தான் அவர் முடிவை என் கையில் கொடுத்துக் காத்திருந்தார்.

"சரி மாமா, எப்படி இழுப்பாங்க? அதைச் சொல்லுங்க" என்றான்.

எலும்பை யாரும் இழுப்பதில்லை என்றேன். வெட்டுகிறார்கள், பிறகு காத்திருக்கிறார்கள். நம் உடம்பில் எலும்பை வெட்டினால், தழும்பு இல்லாமல் எலும்பாகவே திரும்ப வளரும். அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டதுதான் மொத்த வித்தையும்.

வித்தையைக் கண்டுபிடித்தவர் கவ்ரீல் இலிசாரோவ். ஊர் பெயர் குர்கன். டெல்லி பக்கத்துக் குர்கான் இல்லை, சைபீரியாவில் இருப்பது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, எலும்பு உடைந்து சேராத சிப்பாய்கள் நிறைந்திருந்த காலம். 1950-களின் தொடக்கத்தில், காலைச் சுற்றி உலோக வளையங்கள், வளையத்திலிருந்து எலும்புக்குள் குறுக்காகப் பாயும் மெல்லிய கம்பிகள் என்று ஒரு சட்டம் செய்தார். சைக்கிள் சக்கரத்தையும் அதன் ஆரக்கம்பியையும் நினைத்துக்கொண்டால் போதும். உடைந்த எலும்பை நெருக்கிப் பிடிக்கத்தான் முதலில் செய்தது. ஒரு நோயாளி நட்டை எதிர்ப்பக்கம் திருப்பிவிட, இடைவெளி விழுந்த இடத்தில் புது எலும்பு முளைத்திருந்தது, அதிலிருந்துதான் நீட்டுகிற எண்ணமே வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

வெளியுலகம் ரொம்ப நாள் இதை நம்பவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், அடுத்த வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன்கள் செய்தும் சரியாகவில்லை. கடைசியில் குர்கனுக்குப் போய்க் குணமாகி மறுபடி தாண்டினார். சோவியத் நாட்டில் இலிசாரோவ் பெயர் அதில்தான் பரவியது. 1980-இல் இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி பல வருஷத்துக் கால் கோளாறோடு அங்கே போய்ச் சரியாகித் திரும்பினார். அடுத்த வருஷம் இத்தாலிய டாக்டர்கள் இலிசாரோவைத் தங்கள் நாட்டு மாநாட்டுக்கு அழைத்துப் பேச வைத்தார்கள். அதன்பிறகுதான் மேற்கே கதவு திறந்தது.

"கவனிச்சியா? சிப்பாய், விளையாட்டுக்காரன், மலையேறி. எல்லாமே உடைஞ்ச கால்" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

எனக்கு நான்கு வளையம். முதல் ஒரு வாரம் எதுவும் செய்யவில்லை. வெட்டிய இடத்தில் இளம் திசு உருவாக அவகாசம். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அதையும் ஒரே தடவையில் இல்லை. கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. வளையங்களை இணைக்கும் மரைத்தண்டில் நட்டை ஒரு முழுச்சுற்று திருப்பினால் ஒரு மில்லிமீட்டர். ஆகவே கால் சுற்று, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் அதே அளவு.

ஏன் இந்தக் கணக்கு? எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இதை விளக்க ஆலைக் கொட்டகை போதும். கரும்புச்சாறு கொப்பரையில் காய்ந்து பாகாகி, தொட்டியில் ஊற்றிச் சூடு ஆறும்போது, கையால் உருண்டை பிடிக்கிற ஒரு பதம் இருக்கிறது. முந்தினால் உருண்டை நிற்காது, வழியும். பிந்தினால் கட்டிப்பட்டுப் போய்விடும், கைக்கு வசப்படாது. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த உருண்டையில் விரல் தடம் பதிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். வெட்டிய எலும்புக்கு நடுவே முளைப்பதும் அப்படி ஒரு பாகுதான். வேகமாக நீட்டினால் எலும்பு சேராமலே போகும். மெதுவாக நீட்டினால் நேரத்துக்கு முன்பே இறுகிவிடும், அப்புறம் மறுபடி வெட்டவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது உடம்பு ஒத்துக்கொண்ட பதம். உங்களிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் பாகு அதன் நேரத்துக்குத்தான் பதத்துக்கு வரும்.

நாற்பது நாளில் நான்கு சென்டிமீட்டர் வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்குத் தெரியாதது என்னவென்றால், நீட்டி முடிப்பது பாதி வழிகூட இல்லை. எக்ஸ்ரேயில் அந்த நான்கு சென்டிமீட்டரும் பஞ்சு மாதிரி மங்கலாகத் தெரிந்தது. அது எலும்பாக இறுகுவதற்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல். வளையத்தோடேயே. பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதம், அதற்கும் மேலே என்று மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வலித்ததா?

ஆபரேஷன் வலிக்கு மருந்து இருந்தது. நட்டைத் திருப்புகிற நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வலி ராத்திரியில் வரும். எலும்பு நீண்டுகொடுக்கிறது, தசையும் நரம்பும் அவ்வளவு சுலபத்தில் கொடுப்பதில்லை. கெண்டைக்கால் சதை வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டு பாதத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். விட்டால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்கிற கால் ஆகிவிடும். அதனால் பாதத்துக்குப் பலகை வைத்து ரப்பரால் மேலே இழுத்துக் கட்டியிருப்பார்கள். தினமும் பிஸியோதெரபி. அதுதான் வலி. ஆபரேஷனை டாக்டர் செய்கிறார். பிஸியோதெரபியை நாம்தான் செய்யவேண்டும், அழுதுகொண்டே.

கம்பி தோலுக்குள் இறங்குகிற ஒவ்வொரு துளையையும் தினமும் துடைத்துக் காஸ் துணி வைக்கவேண்டும். எனக்கு இரண்டு இடத்தில் சீழ் வைத்தது. மாத்திரையில் அடங்கியது. பேன்ட் போடமுடியாது, லுங்கிதான். போர்வை வளையத்தில் மாட்டும். புரண்டு படுப்பது என்ற சுகத்தையே மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து முப்பத்திரண்டு படி. முதல் மாதம் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள்.

இப்போது? நடை நேராகிவிட்டது. முதுகு வலி போய்விட்டது. கணுக்கால் முழுசாக மடங்காது, குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் இடது குதிகால் கொஞ்சம் தூக்கும். கம்பி இறங்கிய தழும்புகள் வரிசையாக இருக்கின்றன. மறுபடி வாய்ப்பு வந்தால் செய்துகொள்வாயா என்றால், அந்தக் காலுக்கு, ஆமாம், செய்துகொள்வேன்.

"எனக்கு ரெண்டு காலும் மாமா" என்றான். "ஏழு சென்டிமீட்டர். மூணு இஞ்சு கிட்ட வரும்."

கல்யாண ஆப் ஒன்றில் உயரத்தை உள்ளது உள்ளபடி போட்டானாம். போட்டபிறகு யாரும் பதில் சொல்வதில்லையாம். ஆபீஸில் பையர் வந்தால் எடுக்கிற குரூப் போட்டோவில் தானாகவே முன்வரிசைக்கு நகர்ந்துவிடுகிறானாம். "யாரும் எதுவும் சொல்றதில்லை மாமா. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு." நான் சிரிக்கவில்லை. அகத்தியரைக் குறுமுனி என்று கும்பிடுகிற ஊரில்தான் 'கட்டையன்' என்று கூப்பிட்டும் பழகியிருக்கிறோம். நொண்டி என்று கூப்பிடப்பட்டவனுக்கு அந்தக் குத்தல் தெரியும். "உயரத்துல என்னடா இருக்கு" என்று சொல்வது எனக்கு லேசு, நான் ஐந்தடி எட்டு.

அதனால் அவன் ஆசையைப் பழிக்கவில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டினேன். ஏழு சென்டிமீட்டர் என்றால் நீட்டவே எழுபது நாள். இறுகுவதற்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எனக்கு ஒரு கால் தரையில் இருந்தது, ஊன்றி நின்றேன். உனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வெட்டியிருக்கும். பழையபடி ஓடியாட ஒரு வருஷம் ஆகும் என்று வைத்துக்கொள். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

"அது பழைய முறை மாமா. இப்ப வளையமே கிடையாது. எலும்புக்குள்ளயே ராடு. வெளியே ரிமோட் வெச்சு அமுக்கினா நீளும்." போனில் வீடியோ காட்டினான்.

உண்மைதான். எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் இறங்கும் தடி. அதற்குள் காந்தம். தொடைமேல் ஒரு கருவியை வைத்தால் வெளியிலிருந்தே அது சுழன்று நீளும். பிரிசைஸ் என்ற பெயரில் 2011-லிருந்து இருக்கிறது. கம்பித் துளை இல்லை, சீழ் பயம் ரொம்பக் குறைவு, தழும்பும் குறைவு. என் காலத்தில் இருந்திருந்தால் கடன் வாங்கியாவது அதையே கேட்டிருப்பேன். ஆனால் அந்த ரிமோட்டும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் நீட்டுகிறது. பாகு மாறவில்லை, கரண்டிதான் மாறியிருக்கிறது. தசை விறைப்பதும், நரம்பு இழுபட்டுப் பாதம் மரத்துப்போவதும், மூட்டு மடங்காமல் நின்றுவிடுவதும், எலும்பு சேராமல் போய் மறு ஆபரேஷன் செய்வதும் இதிலும் உண்டு. இரண்டு தொடை எலும்பிலும் தடி இறக்கும்போது மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கிற ஆபத்து அபூர்வம்தான், ஆனால் உயிர்போகிற விஷயம். நீட்டுகிற காலத்தில் அந்தத் தடி முழு எடையும் தாங்காது, சக்கர நாற்காலியும் வாக்கரும்தான்.

எடை தாங்கும் என்று சொல்லி ஸ்ட்ரைட் என்று எஃகில் ஒரு தடி 2018-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி வந்தது. உயரத்துக்காகச் செய்துகொள்பவர்கள் அதைத்தான் தேடிப்போனார்கள். தடியைச் சுற்றி எலும்பில் மாற்றமும், உலோகத்தில் அரிப்பும் தெரிய, 2021-இல் கம்பெனியே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. கடைக்குப் புதுசாக வந்த போனை வாங்கினால் பிடிக்கவில்லையென்று மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற மறுபடி காலைத் திறக்கவேண்டும்.

செலவு? வெளி வளையம் என்றாலே சில லட்சம், உள் தடி அதைப்போல் பல மடங்கு. மருத்துவக் காப்பீடு அழகுக்காகச் செய்வதற்குக் கிடைக்காது. ஆபரேஷன் பில்லை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள், பிஸியோதெரபியையும், ஒரு வருஷச் சம்பளத்தையும், ஒருவேளை ஏதாவது கோளாறானால் வருகிற இரண்டாவது பில்லையும் விட்டுவிடுகிறார்கள்.

"எல்லாம் பார்த்துட்டேன் மாமா" என்றான். அப்போதுதான் திட்டத்தை எடுத்து வெளியே வைத்தான். டெல்லியில் ஓர் இடம். இன்ஸ்டாகிராமில் பேசி முடித்தாயிற்று. பெர்சனல் லோன் பாதி, சீட்டுப் பணம் பாதி. அம்மாவிடம், கம்பெனி ஆறு மாதம் டெல்லிக்கு அனுப்புகிறது என்று சொல்லிவிடுவது. இரண்டு மாதம் கழித்து அங்கிருந்து நேராக மறையூர், மாமா வீடு. "நல்லா நடக்க ஆரம்பிச்சதும் அம்மாகிட்ட சொல்லிக்கலாம்."

பாண்டவர்கள் வனவாசத்தில் மறைந்திருந்ததால்தான் இந்த ஊருக்கு மறையூர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். "நல்ல ஊரைத்தாண்டா பிடிச்ச" என்றேன்.

சிரித்துவிட்டு, ஹைதராபாத் விஷயத்தைச் சொன்னேன். 2016 ஏப்ரல். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு இளைஞர். அவர் குள்ளம்கூட இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்து உயரத்துக்காகக் கால் ஆபரேஷன் செய்துகொண்டார். பிள்ளையைக் காணோம் என்று பெற்றோர் போலீஸுக்குப் போனார்கள். தேடிக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்தால், மகன் காலில் கட்டோடு படுக்கையில். ஆந்திரமும் தெலங்கானாவும் சில வாரம் இதையே பேசின. மேஜரான ஒருவன் தன் உடம்புக்குக் கையெழுத்துப் போடலாமா, கூடாதா? நோயே இல்லாத காலை வெட்டலாமா? விஷயம் தெலங்கானா மருத்துவக் கவுன்சில் வரை போனது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரின் பதிவைக் கவுன்சில் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

சட்டப்படி அந்த இளைஞர் செய்தது தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. வயது வந்தவர், கையெழுத்துப் போட்டார். ஆனால் கையெழுத்துப் போட்ட கையால் தன் காலைத் தானே தூக்கி நகர்த்த முடியாத நாள்கள் இந்தச் சிகிச்சையில் வரும். அந்த நாள்களுக்குக் கையெழுத்துப் போடப்போவது யார்?

பாறையில் வெயில் இறங்க ஆரம்பித்தது. அவனிடம் சில கேள்விகளைக் கேட்டேன். பதில் எனக்குச் சொல்லவேண்டாம், உனக்குச் சொல்லிக்கொள் என்றேன். நீங்களும் யோசிக்கிறவர்கள் என்றால், இவை உங்களுக்கும்தான்.

உன் காலால் இப்போது என்ன செய்யமுடியவில்லை? என்னால் கரும்புக்கட்டு தூக்க முடியவில்லை, பஸ் படி ஏறினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்தக் குறையை நட்டும் வளையமும் தீர்த்தன. உன் கால் மலை ஏறுகிறது, பந்து விளையாடுகிறது. நோவு காலில் இல்லாதபோது, காலில் செய்கிற வைத்தியம் நோவு இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருமா?

மூன்று அங்குலம் வந்தபிறகு எதை மாற்றிக்கொள்வாய்? ஐந்தடி ஆறு ஆனபிறகும் அந்த ஆப்பில் பதில் வராவிட்டால்? ஒருவருக்குக் கண்ணாடியில் எந்த அளவும் போதாது என்று தோன்றினால், அது ஒரு மனநோயாகவும் இருக்கலாம். அதனால்தான் நல்ல இடங்களில் ஆபரேஷனுக்கு முன்னால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். உன் டெல்லிக்காரர்கள் சொன்னார்களா?

அவர்கள் 'முடியாது' என்று யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? கேட்டுப்பார். என் டாக்டர் மூன்று தடவை அனுப்பினார். முதல் வாட்ஸ்அப் செய்தியிலேயே தேதி கொடுக்கிற இடத்தில் எனக்குப் பயம். எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதே, கோளாறு ஆனவர்களை என்ன செய்தீர்கள் என்றும் கேள். ஊருக்குத் திரும்பியபின் நடுராத்திரி கால் வீங்கினால் யாரைக் கூப்பிடுவாய்? டெல்லி டாக்டர் போனில் இருப்பார். இங்கிருந்து கோவைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் காடு, ரோட்டில் யானை.

சிகரெட் விட்டுவிட்டாயா? நிகோட்டின் புது எலும்பை மெதுவாக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் அவன் தலையைக் குனிந்தான்.

"கடைசியா ஒண்ணு. நட்டை யாரு திருப்புவா?"

"ரிமோட் மாமா, நட்டு இல்ல."

"சரி, ரிமோட்டை யாரு பிடிப்பா? உன்னை யாரு கக்கூஸுக்குத் தூக்கிட்டுப் போவா? பிஸியோ பண்ணமாட்டேன்னு நீ அழறப்ப யாரு உன்னைத் திட்டுவா?"

"அதான், உங்க வீட்டுக்கு…"

"எனக்கு யாரு திருப்பினா தெரியுமா?"

தெரியாது. யாரும் அவனிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

2002-இல் எங்கள் அக்கா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஏழாம் மாதம். அம்மாவுக்குக் கண் பார்வை அவ்வளவு இல்லை, அப்பா விடியுமுன் ஆலைக்குப் போய்விடுவார். நட்டில் ஒரு பக்கம் பெயின்ட் பொட்டு வைத்திருந்தார்கள், எவ்வளவு திருப்பினோம் என்று தெரிவதற்கு. அந்தப் பொட்டைப் பார்த்துத் திருப்பக் குனிந்தால்தான் முடியும். எனக்கே குனிய முடியாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் குனிவாள். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பன்னிரண்டு. "நீ தூங்குடா, நான் எப்படியும் முழிச்சுட்டுத்தான் இருக்கேன், இவன் உதைக்கிறான்" என்பாள். நாற்பது நாள், நூற்றறுபது தடவை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பிஸியோதெரபி வேண்டாம் என்று நான் ஸ்பேனரைத் தூக்கி எறிந்த அன்றைக்கு, எடுத்து வந்து என் கையில் கொடுத்து, "இன்னொரு தடவ எறி. திரும்ப எடுத்துட்டு வர்றேன். எனக்கு வேற வேல இல்ல" என்றாள்.

உள்ளே உதைத்துக்கொண்டிருந்தவன் என் எதிரில் உட்கார்ந்து பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உனக்குச் செய்யாதேன்னு சொல்லமாட்டேன். உன் காலு. நல்ல டாக்டரா நாலு பேரைப் பாரு, கோயம்புத்தூருக்கு நானே கூட வர்றேன். முடிவு பண்ணினா எங்க வீட்டு முப்பத்திரண்டு படியிலயும் உன்னைத் தூக்குறேன். ஆனா அவளுக்குத் தெரியாம மட்டும் என் வீட்டுக்கு வராத."

இந்தச் சிகிச்சை யாருக்குச் சரி என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கிற ஒரே அளவுகோலும் அதுதான். எத்தனை சென்டிமீட்டர் என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். இதை யாரிடமிருந்து மறைக்கிறாய் என்று உன்னையே கேட்டுப் பார். மறைக்கிற ஆள்தான் பெரும்பாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து வரப்போகிற ஆள். அவளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணம், ஒரு வருஷ வலியைத் தாங்கும் அளவுக்குக் கனமான காரணமாக இருக்க வாய்ப்பில்லை. சொல்லி, அழுது, சண்டை போட்டு, அதற்குப் பிறகும் வேண்டும் என்று நின்றால், அப்போது யோசிக்கலாம்.

மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டான். எதுவும் சொல்லவில்லை. கிளம்புமுன் அலமாரியில் ஏதோ தேடினான். அந்த ஸ்பேனர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, என் பைக்குக்கு உதவுகிறது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான்.

நான்கு நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள்.

"ஏண்டா, இவன் வந்து நேத்து ஒண்ணு கேட்டான். உன் கால்ல அந்த நட்டு இருந்துச்சுல்ல, அதை எந்தப் பக்கம்மா திருப்புவீங்கன்னு. எனக்கு ஒரு நிமிஷம் ஞாபகமே வரல. அப்புறம் கையை இப்படி வெச்சுப் பார்த்தேன், தானா வந்துருச்சு. எதுக்குடா கேட்கிறான்?"

"அவனையே கேளுக்கா" என்றேன்.